மோட்டார் போட்டால் ஞாபகம் ஏறுமா?

"மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும்." இந்த ஒரு வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊரில் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். வல்லாரை மாத்திரை, ஜிங்கோ கேப்ஸ்யூல், சிரசாசன வகுப்பு, தோப்புக்கரணத்துக்கு விஞ்ஞான விளக்கம் என்று பட்டியல் நீளும். வாங்குகிறவர் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர், அல்லது அவரைப் பற்றிக் கவலைப்படுகிற மகனோ மகளோ.

வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் படம் ரொம்ப எளிமையானது. மூளை ஒரு மொட்டைமாடித் தொட்டி. இதயம் மோட்டார். வயசானால் பைப்பில் உப்பு படியும், தண்ணீர் சரியாக ஏறாது, ஞாபகம் வற்றிப்போகும். பைப்பைக் கழுவினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். பிளம்பருக்கும் புரிகிற நரம்பியல்! இது வெறும் தப்பு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வீட்டுப் பெரியவர்களுக்குக் கெடுதல் செய்கிற தப்பாக இருப்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்குப் போகிறது, நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 மில்லிலிட்டர். உயிரோடு இருக்கும் மனிதரிடம் இதை ஒழுங்காக அளக்க வழி சொன்னவர்கள் அமெரிக்காவின் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். 1945இல் வெளியான அவர்கள் முறை, நைட்ரஸ் ஆக்ஸைடைச் சுவாசிக்கவைத்து, மூளைக்குப் போகும் ரத்தத்திலும் திரும்பும் ரத்தத்திலும் அது எவ்வளவு என்று பார்த்துக் கணக்குப் போட்டது.

அதற்குப் பிறகு தெளிவான ஒரு விஷயம், இந்த ஓட்டத்தை மூளை தானே காவல் காக்கிறது என்பது. ரத்த அழுத்தம் ஏறினால் மூளையின் சிறு தமனிகள் சுருங்கும், இறங்கினால் விரியும். கணிசமான வரம்புக்குள் ஓட்டம் கிட்டத்தட்ட நிலையாகவே இருக்கும். ஆக, தலைகீழாக நின்றால் ரத்தம் மூளைக்குக் கொட்டும் என்று நினைப்பவருக்கு முகம் சிவக்கும், அவ்வளவுதான்.

சரி, ஓட்டத்தை மாற்ற வழியே இல்லையா? இருக்கிறது. முப்பது விநாடி மூச்சை அடக்கிப் பாருங்கள். ரத்தத்தில் கரியமில வாயு கூடும், மூளையின் ரத்த ஓட்டமும் நன்றாகவே கூடும். ஏதாவது புதிதாக ஞாபகம் வந்ததா? எதிர்த் திசையில் ஒரு பொருளும் இருக்கிறது: காபி. 250 மில்லிகிராம் கஃபீன், அதாவது இரண்டு மூன்று கப் ஸ்ட்ராங்கான காபி, மூளையின் ரத்த ஓட்டத்தை ஏறக்குறைய கால் பங்கு குறைக்கிறது. மோட்டார் சித்தாந்தம் உண்மையானால், காலை ஏழு மணிக்கு டிகிரி காபி குடிக்கிற தமிழர்கள் எல்லாம் ஏழரைக்கு வீட்டு விலாசத்தை மறந்திருக்க வேண்டும்.

"ஆனால் வயசானால் ஓட்டம் குறையுதுன்னு ஆராய்ச்சி சொல்லுதே?" சொல்கிறது. பல ஆய்வுகளில் ஆண்டுக்கு அரை சதவீதம் போலக் குறைவது தெரிகிறது. ஆனால் வயது ஏற ஏற மூளையும் கொஞ்சம் சுருங்குகிறது. ஸ்கேனின் ஒரு கட்டத்துக்குள் திசு குறைந்து நீர் நிறைந்தால், கருவி அதைக் குறைந்த ஓட்டமாகவே காட்டும். 2000ஆம் ஆண்டில் கரோலின் மெல்ட்ஸரின் குழு இந்தச் சுருக்கத்துக்குக் கணக்கைத் திருத்திப் பார்த்தது. ஆரோக்கியமான முதியவர்களிடம் தெரிந்த அந்தக் குறைவு, புள்ளியியல் அளவில் பொருட்படுத்தும்படி மிஞ்சவில்லை. அது சிறிய ஆய்வுதான், வழக்கு அத்துடன் முடிந்துவிடவும் இல்லை. அப்படியே குறைந்தாலும், வரத்து குறைந்ததால் வேலை குறைந்ததா, வேலை குறைந்ததால் வரத்து குறைந்ததா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதற்கே பதில் இல்லாதபோது, மாத்திரைக்காரருக்கு மட்டும் விடை எப்படிக் கிடைத்தது?

அடுத்து, அந்தக் கலர் படங்கள். செய்ஜி ஓகாவா 1990இல் காட்டிய வழியில் பிறந்த எஃப்எம்ஆர்ஐ, நினைவைப் படம் பிடிப்பதில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எப்படி மாறுகிறது என்பதைத்தான் பிடிக்கிறது. நான் சர்வர்களோடு வேலை பார்க்கிறவன். டேட்டா சென்டரின் கரண்ட் மீட்டரைப் பார்த்து எந்த ராக் மும்முரமாக ஓடுகிறது என்று சொல்லலாம், அதில் என்ன புரோகிராம் ஓடுகிறது என்று சொல்ல முடியாது. வயதானவர்களிடம் மீட்டரும் பழசு: ரத்தக் குழாய் விறைத்துப்போயிருந்தால், நரம்பணுக்கள் ஒழுங்காக வேலை செய்தாலும் சிக்னல் மங்கலாகத் தெரியலாம். அந்த மங்கலைக் காட்டி, "பாருங்க, தாத்தாவின் மூளை அணைஞ்சுகிட்டிருக்கு" என்று தலைப்புப் போடுவது விஞ்ஞானம் இல்லை, ஜோசியம்.

அப்போது ரத்தக் குழாய்க்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. என் கோபமே அங்கேதான். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட உயர் ரத்த அழுத்தம் மூளையின் சிறு குழாய்களைச் சிதைக்கும், பக்கவாதம் வரவழைக்கும், நினைவையும் தின்னும். அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஸ்பிரின்ட் ஆய்வின் நினைவாற்றல் பகுதி 2019இல் வெளியானது. மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைத்தவர்களை விட, 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைவு. மறதிநோய் குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது மோட்டார் சித்தாந்தத்தைக் கூப்பிடுங்கள். அதன்படி பிரஷரைக் குறைத்தால் மாடிக்குத் தண்ணீர் ஏறக் கூடாது. "பிபி மாத்திரை போட்டா மூளைக்கு ரத்தம் போகாதாம்" என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களின் தர்க்கம் இதுதான். அதே ஸ்பிரின்டின் துணை ஆய்வு 2022இல் வந்தது: அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தவர்களின் மூளை ரத்த ஓட்டம் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. மறுபக்கம் ஜிங்கோ: 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேருக்குத் தினம் இருவேளை 120 மில்லிகிராமோ வெற்று மாத்திரையோ கொடுத்து ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். 2008இல் முடிவு: மறதிநோயைத் தடுக்கவில்லை. வேலை செய்கிற மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து அதை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. இலவசமாக வருவது அலமாரியில் தூங்குகிறது, வேலை செய்யாதது காசு கொடுத்து வாங்கப்படுகிறது.

இன்னொரு கெடுதல் சத்தமில்லாமல் நடக்கிறது. பெயர் ஒன்று நாக்கு நுனியில் நின்றால் போதும், "அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஆரோக்கியமான முதுமையில் வேகம் குறையும், நேற்று யார் என்ன சொன்னார்கள் என்பது நழுவும். சொல்வளமும் உலக அறிவும் அறுபதுகளிலும் தாக்குப்பிடிக்கும். பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, தினம் செய்த சமையலின் வரிசை குழம்பிப்போவது போன்றவை வேறு கதை, அதற்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டிவிடுகிறது பைப் உருவகம்.

உ.வே.சா. 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல், அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1876இல் மறைந்த ஆசிரியரை அவ்வளவு துல்லியமாக எழுப்பி உட்காரவைத்தார். ஒரு மேதையை வைத்துப் பொதுவிதி எழுத முடியாதுதான். ஆனால் அவரிடம் கடிதங்களும் குறிப்புகளும் இருந்தன, சொன்னதைக் கேட்கக் காத்திருந்த வாசகர்கள் இருந்தார்கள். நினைவு மண்டைக்குள் மட்டும் இருக்கிற சரக்கு இல்லை. கேட்க ஆள் இருந்தால்தான் அது வாய்க்கு வரும்.

உங்கள் அம்மாவின் ரத்த அழுத்தம் இன்றைக்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா? கேட்காத காது மறதிநோய்க்கான முக்கியக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் ஆணையம் தன் அறிக்கைகளில் சொல்லியிருக்கிறது. நமக்குப் பாதி கேட்டதை, அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆன்லைனில் கேப்ஸ்யூல் ஆர்டர் போடும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். அப்புறம், அவர்கள் ஏற்கனவே சொன்ன கதையைத் திரும்ப ஆரம்பித்தால், "இது தெரியும்ப்பா" என்று வெட்டாதீர்கள். முடிக்க விடுங்கள்.