காவலை நீக்கியவர் யார்?

2022-ஆம் ஆண்டில் நமது இல்லத்தில் நேர்ந்த நஷ்டமொன்றைப் பற்றி இதுகாறும் நாம் பத்திரிகையில் எழுதியதில்லை. சொந்த விஷயங்களைத் தலையங்கத்தில் புகுத்துவது நமக்கு வழக்கமன்று. அன்றியும், பிழை நம்முடையதாயிருந்தமையால் வெட்கமும் தடுத்தது. சென்ற வாரம் நண்பர் ஒருவர் தமது மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு நமது காரியாலயத்திற்கு வந்தார். அதில் ஏதோ வைரஸ் புகுந்திருப்பதாகச் சந்தேகம் என்றும், எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளை விலைக்கு வாங்கினால் இனிப் பயமில்லை என்றும் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே தவறு இருக்கிறது என்று அவரிடம் சொன்னோம். காரணத்தை நேயர்களிடமும் சொல்லிவிடுவது நமது கடமையென்று தோன்றுகிறது.

நமக்கு நடந்தது இதுதான். குடும்பத்தில் நடந்த கலியாணத்தின் புகைப்படங்களைச் சீர்செய்ய விலையுயர்ந்த மென்பொருள் ஒன்று வேண்டியிருந்தது. நமது மருமான் அதன் திருட்டுப் பிரதியை இணையத்தில் தேடிப் பிடித்தான். அதனுடன் வந்த குறிப்பில், வைரஸ் தடுப்பு வீணாகக் கூச்சலிடும், ஆகையால் அதை முதலில் அணைத்துவிட வேண்டும் என்று கண்டிருந்தது. பையன் நம்மைக் கேட்கத்தான் செய்தான். நாம் ஒரு வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே “சரி, செய்” என்றோம். சிறிது நேரத்தில் விண்டோஸ் புதுப்பிக்கப்படுவதாகத் திரையில் ஒரு சாளரம் தோன்றிற்று. அது பொய்ச் சாளரம். காப்பி அருந்திவிட்டுத் திரும்புவதற்குள் நமது கோப்புகள் அனைத்தின் பெயருக்குப் பின்னாலும் முன்பின் கண்டிராத நான்கு எழுத்துக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றையும் திறக்க இயலவில்லை. பதினோராண்டு வழக்குக் குறிப்புகள் போயின. அவற்றையாவது நீதிமன்றக் கட்டுகளிலிருந்து ஒருவாறு மீட்கலாம். காலஞ்சென்ற நமது தாயார் கைப்பட எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து அதில்தான் வைத்திருந்தோம். மூலக் கடிதங்களைக் கறையான் தின்று வருஷங்கள் ஆகிவிட்டன.

கோப்புகளுக்கு நடுவே ஓர் ஓலையும் கிடந்தது. 980 டாலர் கொடுத்தால் பூட்டைத் திறக்கும் சாவி தரப்படும்; 72 மணி நேரத்திற்குள் எழுதுபவர்களுக்குப் பாதி விலை! கொள்ளைக்காரன் தள்ளுபடி கொடுக்கும் விந்தையை அன்றுதான் கண்டோம். பணம் கொடுக்க நாம் இசையவில்லை. கொடுத்தவர்கள் அனைவருக்கும் சாவி வந்ததென்று உறுதி சொல்வாரும் இல்லை.

பின்னர் விசாரித்ததில், ‘ஸ்டாப்’ என்றும் ‘டிஜாவு’ என்றும் வழங்கும் பிணைநிரல் வகை அது என்று தெரிந்தது. பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு வீட்டுக் கணினிகளையே அது நாடுகிறது. திருட்டு மென்பொருள்களின் பூட்டை உடைப்பதாகச் சொல்லும் சிறு நிரல்களில் ஒளிந்துதான் பெரும்பாலும் வந்து சேருகிறது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்னும் ஸ்தாபனம் அதன் பல வகைகளுக்கு மாற்றுக் கருவி ஒன்றை இனாமாக வெளியிட்டது. அந்நிரல் தன் தலைமையிடத்தோடு தொடர்புகொள்ள இயலாமல் பொதுச் சாவியால் பூட்டியிருந்தால் அக்கருவி உதவும். தொடர்பு கிடைத்து நமக்கென்று தனிச் சாவி செய்திருந்தால் உதவாது. நமது வீட்டில் அன்று இணையம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

இனி, நண்பரின் கேள்விக்கு வருவோம். விண்டோஸ் 10-இலும் 11-இலும் டிஃபெண்டர் என்னும் காவல் மென்பொருள் தனி விலையின்றி உடன் வருகிறது. வீட்டு உபயோகத்திற்கு அது போதும் என்பது நமது அபிப்பிராயம். நமது கணினியிலும் அது விழித்துக்கொண்டுதான் இருந்தது. ஒருமுறை எச்சரித்ததாகவும் மருமான் பிறகு ஒப்புக்கொண்டான். அதை வெளியே அனுப்பியவர்கள் நாம். இன்னும் பத்துக் காவலரை விலைக்கு வாங்கி நிறுத்தியிருந்தாலும் பத்துப் பேரையும் அவ்வாறே அனுப்பியிருப்போம்.

மென்பொருளின் விலை ஏழை மாணவனுக்கு எட்டாது என்று சிலர் சொல்லுவர். உண்மைதான், அவனைத் திருடன் என்று நாம் ஏசவில்லை. ஆனால் படத்திற்கு கிம்ப், எழுத்துக்கும் கணக்கிற்கும் லிப்ரே ஆபீஸ் என்று இனாமாகவே, நேர்மையாகவே கிடைப்பவை இருக்கின்றன. நமது கலியாணப் படங்களுக்கு கிம்ப் தாராளமாகப் போதும். அதைச் சொல்லிக்கொடுக்காமல், புதுக் கணினி விற்கும்போதே “எல்லாம் போட்டுத் தருகிறோம்” என்று திருட்டுப் பிரதிகளை நிரப்பி அனுப்பும் கடைக்காரர்களை நாம் கண்டிக்கிறோம். வாங்குபவருக்கு அது சலுகைபோல் தோன்றுகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்பது கடைக்காரருக்கே தெரியாது.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கணினியில் வைரஸ் புகுத்துவதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வஞ்சக நோக்கத்துடன் செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. அதே 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் உலகெங்கும் பரவியபோது, அதற்குப் பொருந்தும் சட்டம் பிலிப்பைன்ஸ் தேசத்தில் இல்லாமையால் வழக்கே நிற்கவில்லை. அங்கே ஆள் தெரிந்தது, சட்டமில்லை. நமக்குச் சட்டம் இருக்கிறது, ஆள் தெரியவில்லை. காதல் கடிதம் என்று பெயர் சூட்டிவந்த அந்தக் கோப்பின் கடைசி மூன்றெழுத்தை விண்டோஸ் மறைத்துவிட்டபடியால், ஜனங்கள் அதை வெறும் எழுத்துக் கோப்பென்று நம்பித் திறந்தார்கள். பெயரின் வாலை மறைக்கும் வழக்கத்தை விண்டோஸ் இன்னும் விடவில்லை. அமைப்பில் அதை மாற்றிவைத்தால், பில் என்றும் நோட்டீஸ் என்றும் வேஷமிட்டு வரும் நிரல்கள் பல வாசலிலேயே பிடிபடும்.

புதுப்பித்தலை நாளை நாளையென்று தள்ளிப்போடும் பழக்கம் நம்மவரிடம் அதிகம். 2017 மே 12-ஆம் தேதி ‘வான்னாகிரை’ என்னும் பிணைநிரல் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஐம்பத்தொன்பது நாட்கள் கையிலிருந்தும் அடைக்காதவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

ஆனால் அந்தக் கம்பெனியையும் நாம் சும்மா விட இயலாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசத் திருத்தங்களை அது நிறுத்தியது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை தவணை அறிவித்தது. அப்படியொரு தவணை உண்டென்பதே நமது நண்பருக்குத் தெரியவில்லை. அவருடைய கணினியோ விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாதது. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பூட்டில்லாத வீடாக்கிவிட்டு, புதிது வாங்கென்று சொல்வது என்ன நியாயம்? புதிது வாங்க இயலாதவர்கள் அதே கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இனாம் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம். கடிதம் எழுதவும், பத்திரிகை படிக்கவும், வங்கிக் கணக்குப் பார்க்கவும் அதில் குறைவில்லை.

ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவைக் கொண்டுபோய், ஊரார் கிருமிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புவதையும் விட வேண்டும். அச்சிட வேண்டியதை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரமில்லாத சாதாரணக் கணக்கையே உபயோகிப்பது நலம். வைரஸ் புகுந்துவிட்டது என்று திரையில் அலறி, ஒரு டெலிபோன் எண்ணைக் காட்டும் விளம்பரம் தானே ஒரு மோசடி, அவ்வெண்ணுக்குப் பேசலாகாது. மெய்யாகவே புகுந்துவிட்டால், கடவுச்சொற்களையும் திருடியிருக்குமென்று கொண்டு, வேறொரு கணினியிலிருந்து அவற்றை மாற்றிவிட வேண்டும். வங்கிப் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் ஏமாறக்கூடும். நம்மை அன்று காப்பாற்றியிருக்கக்கூடியது ஒன்றே: தனி வட்டில் எடுத்து வைத்த இரண்டாவது பிரதி. வட்டு வாங்கித்தான் வைத்திருந்தோம்! ஆனால் அதைக் கணினியிலேயே சொருகி வைத்திருந்தோம். கணினியோடு அதுவும் பூட்டப்பட்டது. பிரதி எடுத்தவுடன் கழற்றிப் பீரோவில் வைக்க வேண்டும் என்பதை இவ்வளவு விலை கொடுத்துக் கற்றோம். இப்பொழுது ஞாயிறுதோறும் பிரதி எடுக்கிறோம். எடுத்தது திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்தும் பார்க்கிறோம்.

நண்பருடைய கணினியை நமது மருமான் இரண்டு நாள் வைத்திருந்து, கோப்புகளைச் சோதித்து வெளியே எடுத்து, லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். பூட்டிய நமது பழைய வட்டு பீரோவில் அப்படியே இருக்கிறது. நமது வகைக்குச் சாவி ஏதேனும் வந்திருக்கிறதா என்று அவன் இன்னும் மாதமொருமுறை பார்த்து வருகிறான்.