அரைப்பேரும் அயல்மொழியும்

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் இடையே அமைந்த சிறு புகையிரத நிலையம் வட்டகொடை. சுற்றிலும் தேயிலை, மலைச்சரிவுகளில் லயங்கள். இந்நிலையத்திற் பெட்டியோடும் படுக்கையோடும் வண்டியேறிக் கல்வியை நாடிச் சென்ற பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக உண்டு. முன்னர் அட்டனுக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் சென்றனர். இன்று சென்னை, திருச்சி என்றும், அதற்கப்பாலும் செல்கின்றனர். அவர்கள் எதனைக் கற்றுத் திரும்புகின்றனர் என்று நாம் வினவுவதுண்டு. எந்த மொழியோடு சென்று எந்த மொழியோடு திரும்புகின்றனர் என்று வினவுவது அரிது.

அயல்நாடு என்பது கடலுக்கு அப்பால் உள்ள நிலம் மாத்திரமன்று. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு, அட்டனில் பயின்றபின் சென்றடைந்த கொழும்பு நாளந்தா வித்தியாலயம் ஓர் அயல்நாடாகவே இருந்திருத்தல் வேண்டும். சூழ்ந்திருந்த பேச்சு சிங்களம். ஏட்டின் மொழி ஆங்கிலம். தாய்மொழியோ மலைமேல் நின்றுவிட்டது. அந்நிலையில் அவ்விளைஞர் ஆங்கிலத்தைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கொள்ளவில்லை. இளமையிலேயே 'விஸ்மாஜினி' என்னும் இசை நாடகத்தை ஆங்கிலத்தில் இயற்றி, 1934இல் இலங்கை வந்த தாகூரிடம் அதனைக் கையளித்தார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக முதலாவது பாராளுமன்றம் புகுந்தார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்தம் மக்களிற் பெரும்பாலாரைப் பிறந்த மண்ணிலேயே அயலாராக்கிற்று. 1954இல் வெளிவந்த 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற அவரது ஆங்கிலக் கவிதை நூலை இந்தப் பின்னணியில் வைத்தே படித்தல் வேண்டும். தோட்டத்துத் துரையின் மொழியில், துரை கேட்க விரும்பாததைச் சொன்ன நூல் அது.

அயல்மொழி பயில்வதில் இருவகை உண்டு. புதிய ஊரில் நகைப்புக்கு இடமாகாமல் ஒதுங்கி வாழ்வதற்காகக் கற்பது ஒன்று. தன்னிடம் உள்ள ஒன்றைப் பிறருக்கு எடுத்துரைப்பதற்காகக் கற்பது மற்றொன்று. முதலாவதை எவரும் தவிர்க்க முடியாது. 1888இல் இலண்டன் சென்ற காந்தியடிகளே நடனமும் பிடிலும் பேச்சுக்கலையும் பயின்று ஆங்கிலக் கனவானாக முயன்று பார்த்தார். இந்தியாவில் செய்தித்தாள் படித்தறியாத அவர், அங்கே நாள்தோறும் அவற்றைப் படித்தார். இலத்தீனில் ஒருமுறை தவறி மறுமுறை தேறினார். நடனம் விரைவில் நின்றது. படிக்கும் பழக்கம் நின்றது.

(பின்னது நிலைத்து நின்றது என்க. தமிழில் 'நின்றது' என்ற ஒரே சொல் ஒழிந்ததையும் குறிக்கும், உறுதிப்பட்டதையும் குறிக்கும்! மொழி பயில்வோர் இடறும் இடங்கள் இத்தகையவை.)

இனி, தமிழகத்திற்குக் கற்கச் செல்லும் நம் மலைநாட்டு மாணவனைப் பார்ப்போம். அங்கே மொழிச் சிக்கல் ஏது என்று கேட்கலாம். முதல் நாள் கடைக்குச் சென்று 'பாண்' கேட்கிறான், கடைக்காரருக்கு விளங்கவில்லை. சவர்க்காரம் என்கிறான், சோப்பு என்று திருத்தப்படுகிறான். பேனை என்றால் பேனா என்கின்றனர். 'என் காம்பரா' என்று அவன் சொல்ல, விடுதித் தோழர் சிரிக்கின்றனர். ஒரு திங்களுக்குள் அவன் நாவு மாறிவிடுகிறது. இதில் குற்றமில்லை; கேட்போர்க்கு விளங்கப் பேசுவது நாகரிகமேயாகும். ஆனால், விடுமுறைக்கு வந்தவன் தாயின் பேச்சைத் திருத்தத் தொடங்குவானாயின், அங்கே நாம் கவலை கொள்ளத்தான் வேண்டும். தோட்டத்துப் பேச்சைத் திருத்தப்படவேண்டிய பிழையாகவே அவனுக்குக் காட்டியவர்கள் நாமல்லவா? நம் வகுப்பறைகளிலே 'தோட்டத்துத் தமிழ்' என்பது இன்னும் வசைச்சொல்லாக வழங்குவதை ஆசிரியப் பெருமக்கள் மறுக்கமாட்டார்கள்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குரிய முழுக் கூலி பதியப்படுவதைப் 'பேர்' என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் விழுவது 'அரைப்பேர்'. இதனை ஆங்கிலத்திலோ ஏட்டுத் தமிழிலோ 'அரைநாட் கூலி' என்று பெயர்த்தால் கணக்குச் சரியாகிவிடும், பொருள் பொய்யாகிவிடும். அவள் வேலை செய்தது அரை நாளன்று. விடியலில் பெரட்டுக்களத்திற்கு வந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுவதும் நின்றவள் அவள். பாதியாக வெட்டப்பட்டது அவளது பெயர். இவ்வேறுபாட்டை அயலாருக்கு விளக்க முயலும் மாணவன், அன்று ஆங்கிலத்தையும் கற்கிறான். தன் தாயின் மொழியையும் முதன்முறையாகக் கற்கிறான். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இதனினும் சிறந்த பாடம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

ஆகவே, உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளைகளை அனுப்புமுன், அவர்கள் ஊர்ச் சொற்களை அவர்களே தொகுத்தெழுதச் செய்யுமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். பிள்ளைக்காம்பரா, கவ்வாத்து, கான்வெட்டு, கணக்கப்பிள்ளை என ஒரு கொப்பி நிறையும். சிங்களம் கற்பிப்போரும் இதிலிருந்தே தொடங்கலாம். பாணைச் சிங்களவரும் பாண் என்றே வழங்குகின்றனர். அறையைக் 'காமரய' என்கின்றனர். இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். இரு மொழிகளிலும் குடியேறி உரிமை பெற்றுவிட்டன. (மனிதருக்கு அவ்வுரிமை அத்தனை எளிதிற் கிட்டவில்லை.) சிங்களத்திற் சில சொற்களைத் தான் அறியாமலே அறிந்திருப்பதைக் காணும் குழந்தைக்கு அம்மொழியிடத்து அச்சம் குறையும்.

வேலுப்பிள்ளை பின்னாளில் 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்' முதலிய நாவல்களைத் தமிழில் எழுதினார். ஆங்கிலத்தில் புகழ் தேடியவர் தளர்ந்து தமிழுக்குத் திரும்பினார் என்று கூறுவோர் உளர். நாம் அதற்கு உடன்படவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய காலத்திலும் அவர் மடகொம்பரையை விட்டு அகலவில்லை. லயங்களில் வாய்மொழியாக வழங்கிய பாட்டுகளை அவர் தேடித் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. தாகூரிடம் ஆங்கில நாடகத்தைக் கொடுத்த அவ்விளைஞருக்கு அப்பொழுது வயது 69.