தட்டு வாங்கினா ரசிகர், தட்டு வெட்டினா கிறுக்கரா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய எல்பி தேடி அலைபவரைப் பார்த்தால் ஊர் மெச்சுகிறது. "என்னா ரசனை சார்!" என்கிறது. அதே மனுஷர் பக்கத்தில் கீழ்க்கட்டளையில் ஒரு மாடி ரூமில் உட்கார்ந்து, ரெண்டு சின்ன ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டு, இசைத்தட்டு வெட்டுகிற ஸ்டீரியோ ஹெட் செய்யப் பார்த்தால்? "பொழப்பத்த வேலை. வேணும்னா ஃபாரின்ல வாங்க வேண்டியதுதானே" என்று உடனே தீர்ப்பு வந்துவிடும்.

இந்தத் தீர்ப்பு தப்பு. ரசனையை விடுங்கள், ரூபாய் கணக்கு போட்டாலும் தப்பு.

முதலில் அது என்ன சாமான் என்று பார்த்துவிடலாம். ஸ்பீக்கர் காகிதத்தை ஆட்டுகிறது, வெட்டும் ஹெட் ஊசியை ஆட்டுகிறது. அவ்வளவுதான். மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடும். ஸ்டீரியோவில் பள்ளத்துக்கு ரெண்டு சுவர், ஒவ்வொன்றும் 45 டிகிரி சாய்வு. உள்சுவரில் இடது சேனல், வெளிச்சுவரில் வலது சேனல். ஆகவே ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் ரெண்டு காயில், ரெண்டையும் ஒரே ஊசியோடு இணைக்கிற ரெண்டு மெல்லிய கம்பி. இந்த யோசனையை இங்கிலாந்தில் ஈஎம்ஐ நிறுவனத்தின் ஆலன் புளூம்லைன் 1931-லேயே காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். கடைக்கு ஸ்டீரியோ தட்டு வந்தது 1958 வாக்கில். காப்புரிமை காலாவதியாகி எத்தனையோ வருஷம் ஆச்சு. யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

சுலபமா? இல்லை. தட்டு வெட்டும்போது ஆர்ஐஏஏ கணக்குப்படி கீச்சு ஒலியை ஏற்றி, கனத்த ஒலியை இறக்கி வெட்ட வேண்டும். 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் அந்த ஏற்றம் சுமார் 20 டெசிபல். அதாவது 10 மடங்கு வோல்டேஜ், 100 மடங்கு பவர். ஒரு 'ஸ்ஸ்' சத்தம் போதும், காயில் கருகிவிடும். பெரிய கம்பெனிகள் ஹீலியம் வாயு விட்டுக் குளிர வைத்தார்கள். ஊசி தன்னிஷ்டத்துக்கு அதிராமல் இருக்க, அதன் அசைவை உளவு பார்க்கிற இன்னொரு காயிலும் வைத்தார்கள். வீட்டில் செய்பவருக்கு ரப்பரும் பொறுமையும்தான் துணை. கம்பி துளி கோணினாலும் இடது பாட்டு வலது பக்கம் ஒழுகும். கரகரவென்று வெட்டிவிட்டு "இது வின்டேஜ் சவுண்டு" என்று கதை விடுகிறவர்களுக்கும் இங்கே இடமில்லை!

சரி, "வாங்கிக்க வேண்டியதுதானே" கட்சிக்கு வருவோம். எங்கே வாங்குவது? ஜெர்மனியின் நியூமன் கம்பெனி வெட்டும் எந்திரம் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. இன்றைக்கும் ஸ்டுடியோக்களில் ஓடுவது பெரும்பாலும் அந்தப் பழைய சாமான்தான். ஒரு பொருள் நாலு பேர் கையில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சி 2020 பிப்ரவரி. கலிஃபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை தீயில் போனது. வெட்டுவதற்கான லேக்கர் தட்டு செய்ய உலகத்திலேயே பெரிதாக மிஞ்சியது ஜப்பானில் ஒரே ஒரு கம்பெனி.

இப்போது கணக்கு. ஒரு கானா குழுவுக்கு 20 தட்டு வேண்டும். ஆலைக்குப் போனால் மாஸ்டர் வெட்டு, முலாம், அச்சு என்று எல்லாமே நிலையான செலவு. அது ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 500 தட்டு போட்டால் ஒன்றின் தலையில் 200 ரூபாய். 20 தட்டு என்றால் ஒன்றின் தலையில் 5,000 ரூபாய்! யார் வாங்குவார்கள்? ஆகவே ஆலைக் கதவு கானாவுக்கும் பறைக்கும் தெருக்கூத்துக்கும் திறக்காது. ஏற்கெனவே விற்ற பாட்டுக்குத்தான் திறக்கும். ஒவ்வொன்றாக நேரடியாக வெட்டினால் அச்சும் இல்லை, முலாமும் இல்லை. பக்கத்துக்கு 15 நிமிஷம், ஒரு தட்டுக்கு அரை மணி, 20 தட்டுக்கு 10 மணி நேரம். 500 வேண்டுமென்றால் 250 மணி நேரம், அதற்கு ஆலைதான் சரி. ஆனால் 20 தட்டுக்காரருக்கு இந்த ஹெட்டை விட்டால் வேறு கதி இல்லை.

"அதான் யூடியூப் இருக்கே" என்பார்கள். இதைச் சொல்பவர் வீட்டிலேயே 1978-ல் வந்த ப்ரியா எல்பி ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும். ராஜா பாட்டு தட்டில் இருந்தால் பொக்கிஷம், வியாசர்பாடி பையன் பாட்டு தட்டில் வந்தால் வீண் செலவா? என்ன நியாயம் இது?

கல்கத்தா டம்டம்மில் கிராமஃபோன் கம்பெனி 1928-லேயே ஆலை போட்டது. எச்எம்வி தமிழ்த் தட்டுகள் எத்தனையோ அங்கிருந்துதான் வந்தன. அத்தனை வருஷம் நாம் கேட்டோம், வாங்கினோம், சேர்த்து வைத்தோம். வெட்டக் கற்றுக்கொண்டோமா? ரிச்சி தெருவில் கிடைக்காத காயில் கம்பியா, கிண்டி தொழிற்பேட்டையில் இல்லாத லேத் பட்டறையா? சாமான் எல்லாம் இங்கேயே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: செய்கிறவனைச் செய்ய விடுகிற மனசு.

அந்த மாடி ரூமில் நாலாவது காயில் கருகுகிற வாசனை வந்தால் மூக்கைப் பொத்தாதீர்கள். முடிந்தால் அஞ்சாவதுக்குக் கம்பி வாங்கிக் கொடுங்கள்.