இஜாஸத் இல்லாத ஆசான்கள்

திரைக்கதை எழுதக் கற்பிக்கும் மின்னூல்கள் தமிழில் பெருகி வருகின்றன. நம் இல்லத்துப் பிள்ளைகளும் அவற்றை வாங்குகின்றனர். சிலர் எழுதவும் முற்படுகின்றனர். சினிமா நமக்கெதற்கு என்போரோடு வழக்காட நாம் இங்கு வரவில்லை. நம் வழக்கு, கற்பிக்கத் துணிந்தோருடன்.

நாம் புரட்டிய சிலவற்றின் மூலம், 1979இல் வெளிவந்த சிட் ஃபீல்டின் ‘ஸ்கிரீன்ப்ளே’ எனும் ஆங்கில நூல். அவரோ பட நிறுவனமொன்றில் அமர்ந்து 2,000க்கும் மேற்பட்ட திரைக்கதைகளை வாசித்தவர். பக்கத்திற்கு ஒரு நிமிடம், 120 பக்கம், மூன்று அங்கம் என்பது அவர் கொண்ட கணக்கு. அமெரிக்கப் படத்திற்கு அது பொருந்தும். இடைவேளை விட்டு இரண்டரை மணி நேரம் ஓடும் தமிழ்ப் படத்திற்கு? கதையை எவ்விடத்தில் நிறுத்தி மக்களை எழுப்புவது, திரும்பி வந்தோரை எவ்வாறு மீண்டும் கதைக்குள் இழுப்பது? பெயர்த்தெழுதியோர் இதைத் தொடுவதேயில்லை. தாமே ஒரு முழுக்கதை எழுதிப் பார்த்திருந்தால் இவ்விடத்தில் இடறியிருப்பர்.

அறிந்தோர் செவியில் விழுந்த பின்னரே நூல் பிறர் கைக்குச் செல்லவேண்டும் என்பது நம் இரு மரபுக்கும் பொது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவையில் அரங்கேறிற்று. கிதாபை உஸ்தாத் முன் ஓதி இஜாஸத் பெற்றவரே மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பார். கிண்டிலிலோ ஏற்றிய நூல் பெரும்பாலும் 72 மணி நேரத்திற்குள் விற்பனைக்கு வந்துவிடும், கேட்பாரில்லை. பதிப்பாளர் வாசலில் காத்துக்கிடந்த வறிய எழுத்தாளனுக்கு அது விடுதலையே, மறுக்கோம். ஆயினும் 100 ரூபாய் கொடுத்து வாங்கிய பிள்ளை அதை நம்பி ஈராண்டைத் தொலைத்தால் பொறுப்பவர் யார்? நூலை ஏற்றுமுன், படத்துறையில் எழுதிப் பழகிய இருவரிடமேனும் ஓதிக்காட்டட்டும். அவர்கள் திருத்தியது இன்னதென முன்னுரையில் சொல்லட்டும்.