மூன்றாவது அழைப்புக்குப் பின்

முன்சீப் கோர்ட்டின் வாசலில் டவாலி வாதியின் பெயரை மூன்று முறை உரக்கக் கூவுவதும், பதில் குரல் எழாதது கண்டு நீதிபதி 'வாதி ஆஜராகவில்லை, வழக்குத் தள்ளுபடி' என்று கட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டைக் கையில் எடுப்பதும் நம் நியாயஸ்தலங்களில் சர்வசாதாரணமான காட்சிகள். பூர்வீக நிலத்தின் பாகப்பிரிவினையோ, கைமாற்றாகக் கொடுத்துத் திரும்பாத கடனோ, வருஷக்கணக்கில் வாய்தா வாய்தாவாக நடந்து வந்த ஒரு வியாஜ்யம், அதன் நியாய அநியாயம் சிறிதும் ஆராயப்படாமலே, அரை நிமிஷத்தில் அஸ்தமித்துவிடுகிறது.

இதற்கு ஆதாரம் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ள ஒன்பதாம் கட்டளை. சம்மனுக்குரிய பேட்டாவை வாதி கட்டத் தவறியதாலோ, இரு கட்சியாருமே வராததாலோ தள்ளுபடியான வழக்கை, காலவரம்பு கடவாதிருந்தால், புதிதாகவே தொடுக்கலாம். பிரதிவாதி மட்டும் வந்து நின்று, கோரிக்கையை ஒப்புக்கொள்ளாதிருந்தாலோ கதை வேறு. அதே வழக்கு மூலத்தைக் கொண்டு மறுபடி வழக்கிட வாதிக்கு உரிமையில்லை. தக்க காரணம் காட்டி, 30 நாட்களுக்குள், பழைய வழக்கையே கோப்பில் ஏற்றும்படி மனுச் செய்யும் ஒரு வழிதான் மிஞ்சுகிறது.

இந்தக் கண்டிப்பு அறவே கூடாதென்று நான் சொல்லவில்லை. வழக்கைப் போட்டுவிட்டு உறங்கும் வாதியால், வேலையை விட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் படியேறி அலையும் பிரதிவாதியின் துன்பமும் துன்பமே. ஆனால் தண்டனை உண்மையில் யார் தலையில் விழுகிறது? நடைமுறைச் சட்டம் நீதிக்குத் துணைபுரிய வந்ததேயன்றி, மக்களை இடறி வீழ்த்த வந்த தண்டனைச் சட்டமன்று என்ற கருத்தை 1955-லேயே நீதிபதி விவியன் போஸ் வலியுறுத்தினார். வக்கீலை நம்பி வீட்டிலிருந்த கட்சிக்காரனை வக்கீலின் தவறுக்காகத் தண்டிக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 1981-இல் கூறியது. சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேலே சென்ற ஒரு வழக்கில், வக்கீல் தகவல் சொல்லாததால் நேர்ந்த 883 நாள் தாமதத்தை அது 1998-இல் மன்னித்தது. எனினும் இந்தக் கருணையைப் பெற டெல்லி வரை செல்லும் திராணி எத்தனை விவசாயிகளுக்கு உண்டு?

பரிகாரம் நம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறாம் கட்டளையில் சேர்ந்த 14-ஏ விதிப்படி, ஒவ்வொரு கட்சிக்காரனும் தன் விலாசத்தை வழக்குரையோடு கோர்ட்டில் கொடுத்தே ஆக வேண்டும். விலாசம் கட்டுக்குள் உறங்க, அதற்குரியவனுக்கு ஒரு வரியும் எழுதாமல் அவன் வழக்கை முடிப்பது என்ன நியாயம்? தள்ளுபடி செய்யுமுன் அந்த விலாசத்துக்கு ஒரு தபாலும், கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பி, இன்னும் ஒரே ஒரு வாய்தா கொடுப்பதை விதியாக்க வேண்டும். அதன்பிறகும் வராதவனுக்காக எவரும் இரங்க வேண்டியதில்லை. டவாலியின் குரல் எத்துணை கணீரென்றிருந்தாலும் கோர்ட்டின் தாழ்வாரத்தைத் தாண்டாது. வாதியோ பெரும்பாலும் அதற்கு அப்பால், தன் வழக்கு நடந்துகொண்டிருப்பதாகவே நம்பி, வயலில் நின்றுகொண்டிருக்கிறான்.