பலகை விற்றவர்கள் செய்த சங்கு

தீயணைப்புச் சைரனைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் அறிவியல் வரலாறு இரண்டு பெயர்களைச் சொல்லும். ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ராபிசன். மற்றவர், 1819இல் அதைத் திருத்தி, ஒலியின் அதிர்வெண்ணை அளக்கும் கருவியாக்கிய பிரெஞ்சுக்காரர் கான்யார் த லா தூர். இருவர் பெருமையையும் நான் குறைக்க வரவில்லை. ஆனால் அவர்கள் செய்தது ஆய்வுக்கூட மேசையோடு நின்றது. இடையில் கடற்கரைகளில் மூடுபனி எச்சரிக்கைக்கு நீராவிச் சைரன்கள் வந்தன. அவை கொதிகலனை விட்டு நகர முடியாதவை. ஒரு சிற்றூரின் மாடியில் ஏறி நின்று, நடுநிசியில் ஊரையே எழுப்பும் பொருளாகச் சைரன் மாறுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. மாற்றியவர்கள் மின்சாமான் செய்து விற்றவர்கள். தீச்சங்கின் வரலாற்றில் முதல் மரியாதை அவர்களுக்கே போக வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1901இல் ஜான், ஜேம்ஸ் கில்கிறிஸ்ட் என்ற சகோதரர்களும் அவர்களுடைய கூட்டாளி ஜான் கோஸ்டும் சேர்ந்து ஃபெடரல் எலெக்ட்ரிக் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். கடை வாசல்களுக்கு மின்விளக்குப் பலகை செய்து கொடுப்பதுதான் தொழில். பிறகு அது காமன்வெல்த் எடிசன் என்ற மின் நிறுவனத்தின் கைக்குப் போய், மின்துறைப் பேரரசர் சாமுவேல் இன்சலின் குடைக்கீழ் வந்தது. 1915 வாக்கில் மின்மோட்டாரால் ஓடும் சைரன்களைச் செய்து விற்கத் தொடங்கியது. அந்தத் தொழிலில் அது தனியாக இல்லை. ரோச்செஸ்டரில் ஸ்டெர்லிங் கம்பெனி போன்ற போட்டியாளர்களும் இருந்தார்கள். பலகைக்காரர்களுக்குச் சங்கு எப்படிக் கைவந்தது என்பதில் எனக்கு வியப்பில்லை. மழையிலும் பனியிலும் கிடக்கும் இரும்புக் கூட்டைக் கட்டடத்தின் உச்சியில் பொருத்தவும், அதற்கு ஒயர் இழுக்கவும், கீழே ஒரு சுவிட்சில் அதை அடக்கவும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தீயைப் பற்றிப் புதிதாக எதுவும் கற்க வேண்டியிருக்கவில்லை.

சைரனின் உள்ளே இருப்பது மிக எளிய பொறி. பக்கவாட்டில் துவாரங்கள் கொண்ட ஒரு நிலையான உருளை. அதற்குள், அதே போலத் துவாரங்களும் இறக்கைகளும் கொண்ட ஒரு சுழலி. மோட்டார் சுழலும்போது இறக்கைகள் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகின்றன. துவாரங்கள் நேருக்கு நேர் வரும்போது காற்று பீறிடும், விலகும்போது அறுபடும். 8 துவாரங்கள் இருந்து, மோட்டார் நிமிடத்துக்கு 3,450 சுற்றுகள் சுற்றினால் வினாடிக்கு 460 முறை காற்று வெட்டுப்படுகிறது. அதுதான் நம் காதில் விழும் சுருதி. கனமான சுழலி ஒரே நொடியில் வேகம் பிடிக்காது, ஒரே நொடியில் நிற்கவும் செய்யாது. அதனால்தான் ஒலி அடிவயிற்றிலிருந்து கிளம்புவது போல மெல்ல ஏறி, சுவிட்சை அணைத்த பிறகும் வெகுநேரம் இழுத்துக்கொண்டே இறங்குகிறது. வேறு எந்த ஓசையோடும் குழம்பாத அந்த ஏற்ற இறக்கத்தை யாரும் இசையமைக்கவில்லை. இரும்பின் எடை தந்தது அது.

இதற்கு முன் ஊரை எழுப்ப வழியே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. தேவாலய மணி இருந்தது. பழைய ரயில் எஞ்சின் சக்கரத்தின் எஃகு வளையத்தைத் தொங்கவிட்டுச் சம்மட்டியால் அடித்த ஊர்கள் பல. ஆலைகளில் நீராவி ஊதல் இருந்தது. போதாக்குறைக்கு, 1852லேயே பாஸ்டன் நகரில் சானிங், ஃபார்மர் என்ற இருவர் அமைத்த தந்தி அபாய அறிவிப்பு முறை வேலை செய்தது. தெருமுனைப் பெட்டியின் கைப்பிடியைத் திருகினால், எந்தப் பெட்டி என்ற எண் தலைமையிடத்துக்குப் போய்விடும். சைரனைவிட அது எவ்வளவோ நுட்பமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தந்தி போய்ச் சேரும் இடத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் விழித்திருக்க வேண்டும். சிற்றூரில் அப்படி யாரும் இல்லை. அங்கே தீயணைப்பவர்கள் தச்சரும் கொல்லரும் மளிகைக்காரரும்தான். அவரவர் வீட்டில் அவரவர் கட்டிலில் உறங்குகிறார்கள். அமெரிக்கத் தீயணைப்புப் படைகளில் பெரும்பான்மை இன்றும் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. அவர்களைத் திரட்ட மணியடிக்க ஓர் ஆள் ஓடியாக வேண்டும். ஊதலுக்கோ ஆலையின் கொதிகலன் அணையாமல் இருக்க வேண்டும். சைரன் வந்த பிறகு, இரவுப் பணியில் இருந்த தொலைபேசி நிலையப் பெண் ஒரு சுவிட்சைப் போட்டாலே போதும் என்றானது. ஓடுவதில் கழிந்த நேரம் தீயை நோக்கிப் போவதற்கு மிஞ்சியது. தீயில் ஐந்து நிமிடம் என்றால் ஓர் அறைக்கும் ஒரு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு மறுப்பு, இதெல்லாம் வியாபாரம்தானே, இதற்கு எதற்கு மாலை என்பது. மின் நிறுவனத்தின் பிடியில் இருந்த கம்பெனி மின்சாரத்தை விற்கத்தானே சைரனைச் செய்தது? கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. கடைப் பலகை மாலைதோறும் மணிக்கணக்கில் எரியும். 5 குதிரைத்திறன் சைரன் 3 நிமிடம் ஊதினால் செலவாவது ஒரு யூனிட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் என்றோ ஒரு நாள். அவர்கள் லாபம் பார்த்தது இயந்திரத்தை விற்றதில். அதில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. லாபம் கிடைத்ததால்தான், தீயணைப்பு வண்டியே சொந்தமாக இல்லாத ஊராட்சிகூட விலை கொடுத்து வாங்கும் பொருளாக அது ஆனது. ராபிசனின் கருவியை எந்த ஊராட்சியும் வாங்கியிருக்காது.

கடினமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. சைரன் கத்தும், ஆனால் என்ன நடந்தது என்று சொல்லாது. போர்க்காலத்தில் தீச்சங்கு செய்தவர்களே வான்தாக்குதல் சங்கும் செய்தார்கள். ஃபெடரல் 1950களில் கொண்டுவந்த தண்டர்போல்ட் அந்த வகை. பல ஊர்களில் இரண்டு வேலைக்கும் ஒரே சங்கு; ஒரே சீராக ஒலித்தால் ஒரு பொருள், ஏறி இறங்கினால் வேறு பொருள். 1959 செப்டம்பர் 22 இரவு, ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி வென்ற மகிழ்ச்சியில் சிக்காகோவின் தீயணைப்பு ஆணையர் ராபர்ட் குவின் நகரின் வான்தாக்குதல் சைரன்களை ஐந்து நிமிடம் ஒலிக்கச் சொன்னார். சோவியத் குண்டு விழப்போகிறது என்று மக்கள் நடுங்கிப்போனார்கள். ஆயினும் இதை நான் சைரனின் பிழையாக எழுத மாட்டேன். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்று ஊரோடு உடன்பாடு செய்வது ஆட்சியின் கடமை. அந்த உடன்பாட்டை மீறியது ஓர் அதிகாரி. உடன்பாடு காக்கப்பட்ட ஊரில் அதே இரும்பு பிசகாமல் வேலை செய்தது.

ஆனால் முதல் மரியாதை கேட்பவர்கள் முதல் பொறுப்பையும் ஏற்கத்தான் வேண்டும். சங்கு மாடியிலிருந்து வண்டிக்கு இறங்கியபோது, அதற்கு மிக அருகில் இருந்த காது தீயணைப்பவருடையது. ஃபெடரலின் புகழ்பெற்ற ‘க்யூ’ வகைச் சைரனின் இன்றைய வடிவம் பத்தடித் தூரத்தில் 123 டெசிபல் ஒலிக்கிறது. இயங்க 100 ஆம்பியர் கேட்கிறது. அதன் பின்னால் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து போனவர்கள், செவித்திறன் குன்றிவிட்டது என்று 1990களின் கடைசியிலிருந்து ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். ஒலியை முன்பக்கம் மட்டும் செலுத்தும்படி செய்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். குறுக்குத் தெருவிலிருந்து வருபவருக்கும் கேட்டாக வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். ஜூரிகள் சில வழக்குகளில் இந்தப் பக்கமும் சிலவற்றில் அந்தப் பக்கமும் சாய்ந்தார்கள். கம்பெனியின் வாதத்தில் நியாயம் உண்டு; சந்திப்பில் கேட்காத சைரன் ஆளைக் கொல்லும். என்றாலும், சங்கை வண்டியின் கூரையிலிருந்து முன் பம்பருக்கு இறக்குவதும், ஓட்டுநர் அறையை நன்றாக மூடுவதும், காதுக்கு உறை கொடுப்பதும் குறுக்குத் தெருக்காரருக்குக் கேட்கும் ஒலியில் பெரிதாக எதையும் குறைத்துவிடாது. இவற்றை விற்பனையோடு சேர்த்துச் செய்து தர வேண்டிய கடமை, அந்த ஒலியை ஊருக்குக் கொடுத்தவர்களிடம்தான் இருந்தது. அதை வாங்கி ஓட்டியவர்களின் தலையில் கட்டியது தவறு.