காலைப் பாருங்கள், பிறகு துவக்கைப் பாருங்கள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைப் பொக்கற்றுக்குள் விட்டபடி சுட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கிய துருக்கிக்காரர் யூசுப் டிகேச்சை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கட போன்களிலயும் அந்தப் படம்தான் நாள்முழுக்கச் சுத்தினது. மனுசன் கடைக்குப் போற மாதிரி வந்து சுட்டிட்டுப் போறார் எண்டு மீம் போட்டவர்களோடு எங்களுக்கு ஒரு சின்னக் கோபம் இருக்கு. எயார் பிஸ்டலை ஒற்றைக் கையால்தான் பிடிக்கலாம், அது விதி. மற்றக் கை சும்மா தொங்கினால் ஆடும். அது ஆடினால் தோளும் ஆடும். அதனால் அந்தக் கையைப் பொக்கற்றிலோ பெல்ற்றிலோ செருகி வைப்பது பிஸ்டல்காரர்களின் வழமை. எல்லாரும் அந்தாளின் முகத்தையும் கண்ணாடியையும் பார்த்தோம். கால் எப்படி ஊன்றியிருந்தது எண்டு எத்தனை பேர் பார்த்தோம்?

துவக்கு என்ற சொல்லே எங்கட வீடுகளில் வேறு ஞாபகங்களைக் கிளப்பும். பிள்ளை எயார் றைபிள் பழகப் போறன் எண்டால் அம்மாமார் முகம் மாறுவது நியாயம்தான். அதைப் பழசு எண்டு தள்ளிவிட நாங்கள் தயாரில்லை. ஆனால் இந்த விளையாட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால், படத்தில் கதாநாயகன் செய்கிற எதுவும் இதில் இல்லை. பத்து மீற்றர் தூரத்தில் வெறும் 0.5 மில்லிமீற்றர் புள்ளிதான் பத்துப் புள்ளிக்கான இடம். 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம் அதைத் தொட வேண்டும். அந்த அளவில் இதயத் துடிப்பே குறியை நகர்த்தும். கைப்பலம் அங்கே உதவாது. உதவுவது எலும்பு.

இதைத்தான் இளையவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும் எண்டது எங்கட கருத்து. நின்று சுடும் நிலையை எடுங்கள். வலக்கைக்காரர் எண்டால் இலக்குக்கு இடப்பக்கத்தைக் காட்டி, கால்களைத் தோளகலத்துக்கு வைத்து நிற்பார். இடுப்பு இலக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி வரும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேலோ விலாவின் மேலோ உட்காரும். துவக்கின் பாரம் கையால் இறங்கி, இடுப்பால் இறங்கி, இடது காலால் நிலத்துக்குப் போக வேண்டும். நடுவில் எந்தத் தசையாவது தூக்கிப் பிடித்தால் அது களைக்கும், களைத்தால் நடுங்கும். தலையைக் குனிந்து துவக்கிடம் கொண்டு போகக் கூடாது. துவக்குத்தான் முகத்துக்கு வர வேண்டும்.

பிறகு ஒரு சோதனை. நிலையை எடுத்துவிட்டுக் கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். திறந்து பாருங்கள். குறி இலக்கின் இடப்பக்கம் போயிருந்தால் கையால் இழுத்து நேராக்க வேண்டாம், காலை நகர்த்துங்கள். கையால் இழுத்தால், விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் உடம்பு தன்ர பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். சன்னமும் அங்கேதான் போகும். எங்களுக்கு இந்த விளையாட்டில் பிடித்த விசயமே இதுதான்.

ஒலிம்பிக்கில் பத்து மீற்றர் றைபிளை நின்றுதான் சுடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு சின்னப் பிள்ளைகளையும் முதல் நாளே நிற்க வைப்பது பிழை. போட்டித் துவக்கு 5.5 கிலோ வரை இருக்கலாம். நிற்கும்போது முதுகு பின்னுக்கு வளைந்து ஒரு பக்கம் முறுகுகிறது. வளர்கிற முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதிதான் அந்தப் பாரத்தை வாங்குகிறது. பெரியவரின் அளவுக்குச் செய்த பிடங்கு என்றால் இன்னும் மோசம். எட்டாததை எட்டப் பிள்ளை பின்னுக்குச் சாயும். நாரி நோகுது எண்டு ஒரு பிள்ளை சொன்னால் 'பழகப் பழகச் சரிவரும்' என்ற பதிலை நாங்கள் ஏற்க மாட்டோம்.

படுத்துத் தொடங்கட்டும். வயிறு நிலத்தில், உடம்பு இலக்கின் நேர்கோட்டிலிருந்து சற்றுச் சரிவாக, வலது முழங்கால் கொஞ்சம் மேலே மடங்கி. அப்படி மடக்கினால் வயிறு நிலத்தில் அழுந்தாது, மூச்சு இலகுவாக வரும். மேற்கையில் மாட்டிய வார் பாரத்தைத் தாங்கும். அடுத்தது முழந்தாளிட்டு: பாதத்தின் கீழ் ஒரு சிறு உருளை மெத்தை, குதிக்காலின் மேல் உடல். இங்கே முழங்கை மூட்டை முழங்கால் சில்லின் மேல் வைத்தால் எலும்பு எலும்பில் உருளும். அதைச் சற்று முன்னோ பின்னோ தள்ளி வைக்க வேண்டும். நிற்பது கடைசியாக வரட்டும்.

அமெரிக்காவில் பள்ளி வயதினருக்கான எயார் றைபிள் போட்டிகளில் இந்த மூன்று நிலையும் இருக்கின்றன. அங்கே ஸ்போர்ட்டர் என்றொரு பிரிவும் உண்டு. அதில் துவக்கின் விலைக்கு உச்சவரம்பு. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் தடித்த ஜக்கெற்றுக்கு அனுமதியில்லை. காசுள்ள பிள்ளையின் ஜக்கெற் நிற்காமல் பிள்ளை நிற்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

சரியான நிலை எண்டு ஒரே அச்சு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் அவனி லேகரா டோக்கியோவிலும் பாரிசிலும் பராலிம்பிக் தங்கம் வென்ற போட்டியின் பெயரிலேயே 'நின்று' என்ற சொல் இருக்கிறது. அவர் சுடுவது சக்கர நாற்காலியில் இருந்து. முழங்கையை மேசையில் ஊன்றாமல் சுடுவதுதான் அங்கே நிற்பதற்குச் சமம். கை குட்டையான பிள்ளைக்கு முழங்கை இடுப்புக்கு எட்டாவிட்டால் விலாவில் வைக்கட்டும். உடம்பைப் பார்த்துத்தான் நிலை.

குழல் எப்போதும் இலக்குப் பக்கம், சுடும்வரை விரல் விசைக்கு வெளியே, பயிற்றுநர் இல்லாத இடத்தில் துவக்கே இல்லை. இதெல்லாம் முதல் நாள் பாடம், பேரம் பேச இடமில்லை.

பிள்ளையைச் சேர்க்க முதல் ஒருக்கால் போய் நின்று பாருங்கள். முதல் நாளே புள்ளி எண்ணுகிற இடமென்றால் யோசியுங்கள். சில கிழமைகளுக்குச் சன்னப் பெட்டியைத் திறக்காமல், படுக்கவும் இருக்கவும் மூச்சு விடவும் மட்டும் பழக்குகிற ஒருவர் அகப்பட்டால் அவரிடம் விடலாம்.